புதைபடிவ எலும்பை மருத்துவ சிடியில் படமெடுத்துக் கணினி மாதிரியாக்குவது எப்படி

மருத்துவமனையில் இருக்கும் சிடி இயந்திரம், அதாவது உள்ளிருப்பதை எக்ஸ்ரேயால் குறுக்குவெட்டுப் படங்களாகக் காட்டும் கருவி, உயிருள்ள உடலுக்காக அளவு திருத்தப்பட்டது. தண்ணீர், கொழுப்பு, தசை, எலும்பு, காற்று ஆகியவற்றைப் பிரித்துக் காட்டத்தான் அதன் மின்னழுத்தம், வடிகட்டி, மென்பொருள் எல்லாமே அமைக்கப்பட்டிருக்கின்றன. நாம் அதன் மேசையில் வைக்கப்போவதோ கல். இந்த வேலையில் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் கிளைக்கின்றன. மீதிக் கால்வாசி, எலும்பு எங்கே முடிகிறது என்ற முடிவைக் கணினியிடம் விட்டுவிடுவதால் வருகிறது.

பாறை நிரம்பிய மண்டை ஓட்டின் உள்ளே பார்க்க வேண்டுமானால் ஒரு காலத்தில் அதை அறுக்க வேண்டும், அல்லது படலம் படலமாகத் தேய்த்துப் படம் வரைந்துகொண்டே போக வேண்டும். வேலை முடியும்போது மாதிரியே இருக்காது. 1984-ல் கான்ராய், வானியர் இருவரும் ஒலிகோசீன் காலத்துக் குளம்புள்ள பாலூட்டி ஒன்றின் மண்டை ஓட்டை உடைக்காமல், மருத்துவ சிடியிலேயே அதன் உட்குழியைப் பிரித்துக் காட்டினார்கள். அடிப்படை வழி இன்றும் அதுதான். இயந்திரங்கள் நுண்மையாகிவிட்டன, மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அவ்வளவே.

மருத்துவ சிடி போதுமா, மைக்ரோ சிடி வேண்டுமா

முதலில் ஒரு கணக்கு. மருத்துவ சிடியின் ஒவ்வொரு ஸ்லைஸும் (குறுக்குவெட்டுப் படம்) வழக்கமாக 512 × 512 புள்ளிகள் கொண்டது. படப்புலத்தின் அகலத்தை 512-ஆல் வகுத்தால் ஒரு புள்ளியின் அளவு கிடைக்கும். 250 மி.மீ. புலம் என்றால் 0.49 மி.மீ.; 150 என்றால் 0.29, 100 என்றால் 0.2. ஸ்லைஸின் தடிமன் பெரும்பாலான இயந்திரங்களில் 0.5 அல்லது 0.625 மி.மீ. வரைதான் இறங்கும். புலத்தை எவ்வளவு சுருக்கினாலும் கருவியின் உண்மையான பிரிதிறன் ஓர் எல்லைக்கு மேல் கூடாது. ஆகவே 0.1 மி.மீ. புள்ளி கிடைத்துவிட்டது என்று மகிழ வேண்டாம். அது மங்கலான படத்தைப் பெரிதாக்கியதுதான்.

எந்த உறுப்பை அளக்கப்போகிறீர்களோ, அதன் மிக மெல்லிய இடத்தில் குறைந்தது நான்கு வோக்சலாவது (தடிமனும் கொண்ட முப்பரிமாணப் புள்ளி) விழ வேண்டும். யானைக் குடும்பம், காண்டாமிருகம், மாடு, பெரிய ஊனுண்ணிகள் ஆகியவற்றின் மண்டை ஓடு, தாடை, கைகால் எலும்புகளின் புறணி (கெட்டியான வெளிச்சுவர்), முளைக்காத பற்கள், மூளைக்குழி, நெற்றிக் காற்றறைகள் இவற்றுக்கெல்லாம் மருத்துவ சிடி தாராளமாகப் போதும். பஞ்சு எலும்பின் இழைகளுக்குப் போதாது. பாலூட்டிகளில் அந்த இழைகள் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மி.மீ. தடிமன்தான், மருத்துவ சிடியில் அவை வெறும் சாம்பல் புகையாகத் தெரியும். எலி, வௌவால் போன்றவற்றின் எந்த எலும்புக்கும் நேராக மைக்ரோ சிடிக்கு, அதாவது சிறு பொருள்களை மிக நுண்மையாகப் படமெடுக்கும் ஆய்வகக் கருவிக்கு, போவதே நல்லது.

இன்னொரு வரம்பு பாறை. புதைபடிவ எலும்பின் கனிமம் அபடைட், அடர்த்தி 3.1 முதல் 3.2. சுற்றியிருக்கும் பாறை குவார்ட்ஸ் மணற்கல் என்றால் அடர்த்தி 2.65; கால்சியமும் கிடையாது. எலும்பு தெளிவாகத் தனித்து நிற்கும். சுண்ணாம்புப் பாறை என்றால் கால்சைட், அடர்த்தி 2.71. அடர்த்தியில் வித்தியாசம் இருந்தாலும் இரண்டிலும் கால்சியம் இருப்பதால் எக்ஸ்ரேயை ஏறக்குறைய ஒரே மாதிரி விழுங்கும். எலும்பும் பாறையும் ஒன்றாகவே தெரியும். இரும்புத் தாதுக்கள் இன்னும் மோசம். அடர்த்தி 5 உள்ள பைரைட்டோ, அதற்குச் சற்றே கூடுதலான ஹெமடைட்டோ எலும்புத் துளைகளில் படிந்திருந்தால் படத்தில் நட்சத்திரக் கதிர்போலக் கோடுகள் பாயும். கைவசம் ஒரு துண்டுப் பாறை தனியாக இருந்தால் அதை எலும்புத் துண்டு ஒன்றுடன் சேர்த்து முதலில் ஒரு சோதனை ஸ்கேன் எடுத்துவிடுங்கள். சில நிமிட வேலை, பல வாரத் தலைவலி மிச்சம்.

மேசைக்கு வரும் முன்

ஸ்கேன் செய்யும் நாளுக்கு முன்பே மாதிரியை ஆறு பக்கமும் அளவுகோலுடன் புகைப்படம் எடுங்கள். வெர்னியரால் ஐந்து இடங்களில் அளந்து, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை என்று படத்திலேயே குறித்து வையுங்கள். கணினி மாதிரி சரியா தவறா என்று பின்னால் சொல்லப்போவது இந்த ஐந்து எண்கள்தான்.

அந்த எலும்பில் வேறு ஆய்வுகள் ஏதும் நடக்கவிருக்கின்றனவா என்று அருங்காட்சியகப் பொறுப்பாளரிடம் கேட்டாக வேண்டும். பல் எனாமலில் ஈஎஸ்ஆர் (எலக்ட்ரான் சுழற்சி ஒத்திசைவு) முறையில் வயது கணிப்பது, படிகங்களில் ஒளிர்வு முறையில் கணிப்பது இரண்டுமே மாதிரி வாங்கிய மொத்தக் கதிர்வீச்சைக் கணக்கிடுபவை. சிடி எக்ஸ்ரேயும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். பனிக்காலத்து எலும்பில் தொல் டிஎன்ஏ எடுக்கும் திட்டம் இருந்தாலும் அப்படித்தான். சாம்பிளை எடுத்த பிறகு ஸ்கேனுக்குக் கொண்டுவருவதே பாதுகாப்பு.

பழைய சேகரிப்பு என்றால் உள்ளே இரும்புக் கம்பி, ஆணி, செயற்கையாக ஒட்டிய பிளாஸ்டர் எல்லாம் இருக்கலாம். ஒரு காந்தத்தை மேலே மெதுவாக நகர்த்திப் பார்த்தால் இரும்பு தெரிந்துவிடும். எடுக்க முடிந்ததை எடுங்கள். முடியாவிட்டால் எந்த இடத்தில் என்று குறியுங்கள். பிளாஸ்டர் உறை படத்துக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. ஆனால் அதில் கம்பிவலை இருந்தால் இடைஞ்சல்தான்.

பொதிவதற்கு ஃபோம் மட்டும் பயன்படுத்துங்கள். மணல் மூட்டை வேண்டவே வேண்டாம். மணல் குவார்ட்ஸ், படத்தில் பாறைபோலவே தெரிந்து எலும்பின் விளிம்போடு ஒட்டிக்கொள்ளும். பெட்டி பிளாஸ்டிக்காகவோ ஸ்டேப்ளர் ஊசி இல்லாத அட்டையாகவோ இருக்கட்டும்.

எப்படிக் கிடத்துவது என்பது அமைப்புகளைவிட முக்கியம். எக்ஸ்ரே குழாய் மாதிரியைச் சுற்றிவருகிறது, எனவே ஒவ்வொரு ஸ்லைஸிலும் கதிர் கடக்க வேண்டிய கல்லின் நீளம் குறைவாக இருக்க வேண்டும். தொடை எலும்பு, தாடை, நீள மண்டை ஓடு எதுவானாலும் அதன் நீளவாக்கு மேசையின் நீளவாக்கோடு ஒத்துப்போகட்டும். குறுக்காக வைத்தால் கதிர் எலும்பின் முழு நீளத்தையும் துளைக்க வேண்டிவரும். நடுவில் கறுப்புப் பட்டைகள் விழும். பல சிறு எலும்புகளை ஒரே தடவையில் எடுக்கலாம். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் அடுக்காமல், மேசை நீளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். ஒரே தளத்தில் இரண்டு அடர்ந்த பொருள் இருந்தால் ஒன்றின் நிழல் மற்றொன்றில் பாயும்.

இரண்டு துணைப் பொருள்கள் கூடவே போக வேண்டும். ஒன்று, வெர்னியரால் விட்டம் அளந்த ஒரு அக்ரிலிக் தண்டு, அளவு சரிபார்க்க. இன்னொன்று, மாதிரியின் இடப்பக்கத்தில் மட்டும் வைத்த சிறு பிளாஸ்டிக் துண்டு. திரையில் வரும் இட, வல எழுத்துகளை நம்ப முடியாது. அவை மல்லாந்து படுத்திருக்கும் மனிதரை மனத்தில் வைத்து இயந்திரம் போடுபவை. நாலுகால் விலங்கின் மண்டை ஓட்டைக் கவிழ்த்து வைத்தாலும் இயந்திரத்துக்கு அது தெரியாது.

இயந்திரத்தின் முன்

உள்காது அல்லது பொட்டெலும்புக்கான உயர்பிரிதிறன் அமைப்பைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டு, டெக்னீஷியனிடம் இவற்றை மாற்றச் சொல்லுங்கள்:

- மின்னழுத்தம் 120-லிருந்து 140 கிலோவோல்ட். தடித்த பாறைக்கட்டிக்கு 140.
- தானியங்கி டோஸ் கட்டுப்பாடு அணைக்கப்பட வேண்டும். மில்லி ஆம்பியரைக் கைமுறையாக உயர்த்தி, சுழற்சி நேரத்தை ஒரு நொடியாக்குங்கள். கல்லுக்குப் புற்றுநோய் வராது.
- ஸ்லைஸ் தடிமன் இயந்திரத்தின் மிகக் குறைந்த அளவு. மறுஉருவாக்க இடைவெளி அதில் பாதி, 0.625 தடிமனுக்கு 0.3 மி.மீ.
- பிட்ச் (ஒரு சுழற்சியில் மேசை நகரும் தூரத்துக்கும் கதிரின் அகலத்துக்கும் உள்ள விகிதம்) 1-க்குக் கீழே. கேன்ட்ரி (குழாய் சுழலும் வளையம்) சாய்வு பூஜ்ஜியம்.
- படப்புலம் மாதிரியை ஒட்டிச் சுருக்கப்பட வேண்டும். அக்ரிலிக் தண்டு உள்ளே இருக்கிறதா பாருங்கள்.
- உலோகக் கதிர்க்கோடுகளை நீக்கும் வசதி அணைக்கப்பட வேண்டும். அடர்ந்த எலும்பையே அது உலோகம் என்று எண்ணி, அந்த இடத்தை ஊகித்து நிரப்பிவிடும்.

மின்னழுத்தத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். குறைந்த அழுத்தத்தில் எக்ஸ்ரே உறிஞ்சல் அணு எண்ணைப் பொறுத்துக் கூர்மையாக மாறும், அதனால் எலும்புக்கும் பாறைக்கும் வித்தியாசம் கூடும். ஆனால் கதிர் உள்ளே போகாது. அழுத்தத்தைக் கூட்டினால் துளைக்கும். உறிஞ்சல் பெரும்பாலும் அடர்த்தியைப் பொறுத்ததாகிவிடும், வித்தியாசம் மங்கும். இரண்டுக்கும் நடுவில்தான் நிற்க வேண்டும். மெல்லிய, பாறை நீக்கிய தாடை எலும்பு என்றால் 100 கிலோவோல்டில்கூட அருமையான படம் வரும். பாறை நிரம்பிய மண்டை ஓட்டை அந்த அழுத்தத்தில் எடுத்தால் நடுவில் இரைச்சலைத் தவிர ஒன்றும் மிஞ்சாது.

அடுத்தது, பலரும் வீட்டுக்குப் போன பிறகே கவனிக்கும் குறை. ஒவ்வொரு புள்ளியும் எக்ஸ்ரேயை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை எண்ணாகச் சொல்லும் வழக்கமான ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவுகோல் 12 பிட். −1024-லிருந்து 3071 வரைதான் எண்கள். காற்று −1000, தண்ணீர் 0. அடர்ந்த புதைபடிவ எலும்பும் எனாமலும் 3071-ஐ எளிதில் தாண்டும். தாண்டியதெல்லாம் 3071 என்றே பதிவாகும். எனாமலும் பல்தந்தமும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிட்ட படத்தில் பின்னால் எந்த மென்பொருளும் எல்லையைக் கண்டுபிடித்துத் தர முடியாது. சில இயந்திரங்களில் நீட்டித்த சிடி அளவுகோல் என்ற தேர்வு இருக்கிறது. அது 30,000-க்கு மேல்வரை போகும். உலோக மூட்டு வைத்த நோயாளிகளுக்கானது என்பதால் மெனுவில் உள்ளே தள்ளி இருக்கும். தேடச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் ஸ்கேன் முடிந்ததும் எலும்பின்மேல் கர்சரை வைத்து எண்ணைப் பாருங்கள். எங்கு வைத்தாலும் 3071 என்றே வந்தால் அந்தப் படம் வடிவம் பார்க்க மட்டுமே உதவும்.

மறுஉருவாக்கத்தை இரண்டு கெர்னலில் (படத்தின் கூர்மையைத் தீர்மானிக்கும் கணித வடிகட்டி) கேட்டு வாங்குங்கள், ஒன்று கூர்மையான எலும்புக் கெர்னல், மற்றொன்று மென்மையான கெர்னல். கூர்மையானது கண்ணுக்கு அழகு. ஆனால் அது விளிம்புகளைச் செயற்கையாக உயர்த்திக் காட்டுகிறது. எலும்பின் ஓரத்தில் பொய்யான வெள்ளைக் கோடும் அதற்கு வெளியே பொய்யான கறுப்புக் கோடும் வரும். மெல்லிய தையல் கோடுகளையும் விரிசல்களையும் தேட அதை வைத்துக்கொள்ளுங்கள். அளக்க மென்மையானது. நோயாளிகளின் படங்களில் பழக்கிய டீப் லேர்னிங் மறுஉருவாக்கம் இருந்தால் மறுத்துவிடுவதே சரி; அது பார்த்த உடல்களில் கால்சைட் படிந்த விரிசல்கள் கிடையாது.

சுழற்சியின் மூலத் தரவை இயந்திரம் சில நாட்களில் தானாக அழித்துவிடும். வேறு கெர்னலோ சிறிய புலமோ தேவை என்று தோன்றினால் அன்றைக்கே கேட்க வேண்டும். நோயாளி பெயர் கேட்கும் இடத்தில் மாதிரி எண்ணைப் போடுங்கள். பிறந்த தேதி இல்லாமல் இயந்திரம் நகராது. எல்லா மாதிரிக்கும் ஒரே பொய்த் தேதியைப் போட்டுக் குறித்து வைத்தால் பின்னால் குழப்பமில்லை.

கோப்புகளைக் கணினிக்குக் கொண்டுவருதல்

கேட்டு வாங்க வேண்டியவை சுருக்கப்படாத டைகாம் (மருத்துவப் படங்களின் பொது வடிவம்) கோப்புகள், எல்லாத் தொடர்களும், முன்னோட்டப் படம் உள்பட. ஜேபெக் வேண்டாம், திரையைப் படம் பிடித்ததும் வேண்டாம். ஒரு ஸ்லைஸ் 16 பிட்டில் அரை மெகாபைட். ஆயிரம் ஸ்லைஸ் என்றால் அரை ஜிகாபைட். சாதாரணக் கணினியே சமாளிக்கும். மைக்ரோ சிடியில் 2000 × 2000 × 2000 என்றால் 16 ஜிகாபைட். அது வேறு உலகம். நினைவகம் தரவைப் போலப் பத்து மடங்கு இருந்தால் வேலை தடைபடாது.

3டி ஸ்லைசர் என்ற மென்பொருள் இலவசம், இந்த வேலைக்குப் போதுமானது. அதோடு உயிரின வடிவ ஆய்வுக்கான ஸ்லைசர்மார்ஃப் நீட்சியையும் நிறுவிக்கொள்ளுங்கள். டைகாமை ஏற்றியவுடன் முதலில் பார்க்க வேண்டியது ஸ்லைஸ் இடைவெளி. சீரற்ற இடைவெளி என்று எச்சரிக்கை வந்தால் நடுவில் ஏதோ ஸ்லைஸ் விடுபட்டிருக்கிறது அல்லது கேன்ட்ரி சாய்ந்திருக்கிறது. அடுத்து அக்ரிலிக் தண்டின் விட்டத்தைத் திரையில் அளந்து வெர்னியர் எண்ணோடு ஒப்பிடுங்கள். மூன்றாவது, இடப்பக்கப் பிளாஸ்டிக் துண்டு எந்தப் பக்கம் இருக்கிறது?

மைக்ரோ சிடியிலிருந்து டிஃப் படங்களாக வந்தால் இந்த மூன்றாவது கேள்வி உயிர்நாடி. டிஃப் கோப்பில் வோக்சல் அளவு பெரும்பாலும் இருக்காது, நாம்தான் எழுத வேண்டும். அடுக்கும் வரிசை தலைகீழானால் இடது தாடை வலது தாடையாகிவிடும். திரையில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும் என்பதுதான் இதன் ஆபத்து.

பிறகு தேவையான பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது வோக்சலை மறுஅளவு செய்யும் தேர்வு அணைந்திருக்கட்டும்.

எலும்பு எங்கே முடிகிறது

எல்லா அளவீடும் இந்த ஒரு முடிவின்மேல்தான் நிற்கிறது. இரண்டு பொருள்களின் எல்லையில் இருக்கும் வோக்சலில் இரண்டும் கலந்திருக்கும். அதன் எண் நடுவில் எங்கோ விழும். நியாயமான எல்லை, இரண்டு பக்க எண்களின் சராசரி. அரை உயர முறை என்று இதைச் சொல்வார்கள்.

எண்களை வைத்துப் பார்ப்போம். ஒரு தாடை எலும்பின் புறணி 2400, உள்ளே நிரம்பிய பாறை 1500, வெளியே காற்று −1000 என்று வைத்துக்கொள்வோம். எலும்புக்கும் காற்றுக்கும் எல்லை (2400 − 1000) ÷ 2, அதாவது 700. எலும்புக்கும் பாறைக்கும் எல்லை (2400 + 1500) ÷ 2, அதாவது 1950. த்ரெஷோல்டை, அதாவது எந்த எண்ணுக்கு மேலே எல்லாம் எலும்பு என்று கொள்ளும் வரம்பை, 700-ல் வைத்தால் வெளி விளிம்பு சரி, ஆனால் உள்ளே இருக்கும் பாறை முழுவதும் எலும்பாகிவிடும். 1950-ல் வைத்தால் உள் விளிம்பு சரி, வெளி விளிம்பு உள்வாங்கி எலும்பு மெலியும். பாறையின் எண்ணைக் கவனிக்காமல் இன்னும் மேலே ஏற்றினால் இரு பக்கமும் மெலியும். இரு பக்கமும் அரை வோக்சல் போனால்கூட 0.4 மி.மீ. வோக்சலில் மொத்தம் 0.4 மி.மீ. இழப்பு. 2 மி.மீ. தடிமன் உள்ள சுவரில் அது ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு இனங்களுக்கு இடையே உள்ளதாக எழுதப்படும் வித்தியாசம் பல நேரங்களில் அதைவிடச் சிறியது.

ஆகவே ஒரே த்ரெஷோல்ட் போதாது. வெளிப்பரப்புக்கு ஒன்று, உட்குழிக்கு இன்னொன்று என்று தனித்தனியாகப் பிரித்தெடுத்து, பிறகு இரண்டையும் இணைக்க வேண்டும். எந்தெந்த எண் வைத்தீர்கள், அவற்றை எந்த இடங்களின் சராசரியிலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். சுவரே இரண்டு மூன்று வோக்சல் தடிமன்தான் என்றால் அரை உயர முறையும் பொய்யாகிவிடும். அங்கே எலும்பின் உச்ச எண்ணே முழுமையாக எழும்பியிருக்காது.

இதில் கதிர்க் கடினமாதல் வேறு குறுக்கே வரும். எக்ஸ்ரேயில் மென்மையான கதிர்கள் வெளிப்படலத்திலேயே உறிஞ்சப்பட்டு, கடினமானவை மட்டும் நடுவுக்குப் போகின்றன. விளைவு, ஒரே பாறைக்கட்டி ஓரத்தில் வெளுப்பாகவும் நடுவில் இருட்டாகவும் தெரியும். இயந்திரத்தில் இதற்கான திருத்தம் உண்டு, ஆனால் அது தண்ணீருக்குக் கணக்கிடப்பட்டது. ஓரத்தில் 2400 காட்டும் அதே எலும்பு நடுவில் 2000 காட்டலாம். முழு மண்டை ஓட்டுக்கும் ஒரே எண் வைத்தால் நடுப்பகுதி எலும்பு ஓட்டை ஓட்டையாகக் காணாமல் போவது இதனால்தான். மைக்ரோ சிடியில் குழாயின் முன் செம்புத் தகடு வைத்து மென்கதிரை முன்கூட்டியே வடிகட்டலாம். மருத்துவ சிடியில் அந்த வசதி இல்லை. பகுதி பகுதியாக எண்ணை மாற்றிக்கொண்டு போவதுதான் வழி.

நடைமுறையில் வேலை செய்யும் முறை விதை பரப்புவது. 3டி ஸ்லைசரின் செக்மெண்ட் எடிட்டரில் எலும்பு, பாறை, காற்று என்று மூன்று பிரிவுகளை உருவாக்குங்கள். பத்து ஸ்லைஸுக்கு ஒன்று வீதம் எடுத்து, ஒவ்வொரு பிரிவிலும் சந்தேகமே இல்லாத நடுப்பகுதியில் மட்டும் தூரிகையால் சில கோடுகள் போடுங்கள். விளிம்பைத் தொட வேண்டாம். மூன்று திசை ஸ்லைஸ்களிலும் இப்படிச் செய்த பிறகு ‘குரோ ஃப்ரம் சீட்ஸ்’ கருவியை இயக்கினால் அது இடைவெளிகளை நிரப்பும். கசிந்த இடத்தில் மேலும் விதை போட்டு மறுபடி இயக்குங்கள். பெரும்பாலும் நான்கைந்து சுற்றில் அடங்கிவிடும். தூரிகையின் எண் வரம்பைப் பூட்டி வைத்தால் கை தவறினாலும் காற்றில் எலும்பு வரையப்படாது.

முடிந்ததும் ‘ஐலண்ட்ஸ்’ கருவியில் தனித்து மிதக்கும் துகள்களை நீக்குங்கள். ஆனால் பெரிய தீவை மட்டும் வைத்துக்கொள்ளும் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தக் கூடாது. தாடைக்குள் முளைக்காமல் இருக்கும் பல்லும் ஒரு தனித் தீவுதான். இளம் விலங்கின் வயதைச் சொல்லும் ஆதாரம் அதிலேயே போய்விடும்.

பாறையும் எலும்பும் எண்ணில் ஒன்றாகவே இருந்தால் கையால் வரைவதைத் தவிர வேறு வழியில்லை. பத்து ஸ்லைஸுக்கு ஒன்று வரைந்து இடையில் உள்ளவற்றை மென்பொருளால் நிரப்பலாம். அப்படிச் செய்த பகுதியை வேறு நிறத்தில் வையுங்கள். அது அளவீடு அல்ல, விளக்கம். ஒரே மாதிரியை இன்னொருவர் உங்கள் வரைவைப் பார்க்காமல் தனியாகப் பிரித்தெடுத்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் உண்மையான பிழை அளவு.

மூளைக்குழியும் உள்காதும்

பாலூட்டிகளில் மூளை அதன் குழியை ஏறக்குறைய நிறைத்திருக்கும். அதனால் குழியின் அச்சு மூளையின் புற வடிவை நன்றாகவே காட்டும். மடிப்புகள்கூடப் பல இனங்களில் பதிந்திருக்கும். திமிங்கிலங்கள் விதிவிலக்கு. அவற்றில் மூளையைச் சுற்றி ரத்தநாளப் பின்னல் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. குழியின் கன அளவை மூளையின் கன அளவு என்று எழுதிவிட முடியாது.

குழியைத் தனியாக எடுக்கத் தடை அதன் துளைகள். தண்டுவடம் வெளியேறும் பெருந்துளை, நரம்புத் துளைகள், மூக்கை நோக்கிய சல்லடைத் தகடு எல்லாவற்றையும் அடைத்தாக வேண்டும். சர்ஃபேஸ் ராப் சாலிடிஃபை நீட்சி, குறிப்பிட்ட விட்டத்துக்குக் கீழான துளைகளைத் தானே மூடி உட்பரப்பைத் தரும். பெருந்துளையை மட்டும் கையால் மூடுங்கள்: துளையின் மேல், கீழ் விளிம்புகளை இணைக்கும் நேர்த் தளத்தில். ஒப்பிடும் எல்லா மண்டை ஓட்டுக்கும் அதே விதி. சல்லடைத் தகடு மருத்துவ சிடியில் பெரும்பாலும் தெரியாது, மூளையில் வாசனையை உணரும் நுகர்வுக் குமிழின் முன் எல்லை அங்கே ஊகம்தான்.

உள்காதைத் தேட, மண்டை ஓட்டின் மிக அடர்ந்த எலும்பான பெட்ரோசலைக் கண்டுபிடியுங்கள். அதற்குள் சமநிலையை உணரும் அரைவட்டக் குழல்கள் மூன்றும் ஒலியை உணரும் காக்ளியாவும் இருக்கும். குழலின் உள்விட்டம் பல பாலூட்டிகளில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. எனவே மருத்துவ சிடியில் பெரிய விலங்குகளில் மட்டும், அதுவும் குழலின் வளைவு ஆரத்தைத்தான் நம்பலாம். குழலின் தடிமனை அல்ல.

பரப்பு மாதிரி

பிரித்தெடுத்ததைப் பரப்பாக மாற்றும்போது பல லட்சம் முக்கோணங்கள் வரும், வோக்சல் படிக்கட்டுகளும் கூடவே வரும். மென்மையாக்க, மெஷ்லேப் என்ற மென்பொருளில் டாபின் முறையைப் பயன்படுத்துங்கள். லாப்லாசியன் முறை ஒவ்வொரு சுற்றிலும் மாதிரியைச் சுருக்கும். கூரிய பல்முனையும் மெல்லிய கன்ன வளைவும் முதலில் தேயும். மென்மையாக்கும் முன்னும் பின்னும் கன அளவைக் குறியுங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் மாறினால் அளவு மீறிவிட்டது. முக்கோணங்களைக் குறைப்பது அதற்குப் பிறகு. பார்வைக்கு ஐந்து லட்சம் போதும், அளவீட்டுக்கு மூலத்தை வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த ஐந்து வெர்னியர் அளவுகளை எடுத்து மாதிரியில் சரிபாருங்கள். வித்தியாசம் ஒரு வோக்சலுக்குள் இருக்க வேண்டும். எல்லா அளவும் ஒரே விகிதத்தில் தவறினால் வோக்சல் அளவில் பிழை. எல்லாம் ஒரே மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்தால் த்ரெஷோல்டில் பிழை.

மண்ணழுத்தத்தில் நசுங்கிய மண்டை ஓட்டை நிமிர்த்துவதில் வரிசை முக்கியம். முதலில் உடைந்த துண்டுகளைத் தனித்தனிப் பிரிவுகளாக்கி, வடிவம் மாற்றாமல் நகர்த்தித் திருப்பிப் பொருத்துங்கள். விரிசலுக்குள் புகுந்த பாறை எலும்பைப் பருக்க வைத்திருக்கும். அதை நீக்கித் துண்டுகளை நெருக்கினாலே அகலம் கணிசமாகக் குறைவதுண்டு. அதன் பிறகு, ஒரு பக்கம் மட்டும் இருந்தால் நடுக்கோட்டில் பிரதிபலித்து மறுபக்கத்தை ஆக்கலாம். நடுத்தளத்துக்கு மூக்கெலும்புத் தையல், அண்ணத் தையல், பிடரி முண்டுகளின் நடுப்புள்ளி என்று ஆறேழு புள்ளிகளாவது வேண்டும். எலும்பே மாவுபோல இழுபட்டுச் சரிந்திருந்தால் பிரதிபலிப்பு அதைத் திருத்தாது; சரிவைச் சமச்சீராக்கி மறைத்துவிடும். அப்படிப்பட்ட மாதிரியை வடிவ ஒப்பீட்டில் சேர்க்காமல் விடுவதே நேர்மை.

மாதிரியை வைத்து அளப்பது

கைகால் எலும்பின் வலிமைக்கு அதன் நீளத்தின் சரிபாதியில் குறுக்குவெட்டு எடுத்து, இமேஜ்ஜே மென்பொருளின் போன்ஜே நீட்சியால் பரப்பையும் வளைவு எதிர்ப்பையும் கணக்கிடலாம். முழு எலும்புக்கூடு கிடைத்தால் உடல் எடையையும் மதிப்பிடலாம். ஒவ்வொரு பகுதியையும் இறுகச் சுற்றும் குவிந்த உறையின் கன அளவை எடுத்து அடர்த்தியால் பெருக்க வேண்டும். 2012-ல் வெளியான ஆய்வில் பெரிய பாலூட்டிகளின் உண்மை எடை, இந்த உறை தரும் எடையைவிட 21 சதவீதம் கூடுதலாக இருந்தது; அந்தத் திருத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடியின் விசையை எலும்பு எப்படித் தாங்குகிறது என்று பார்க்கும் ஃபைனைட் எலிமெண்ட் ஆய்வில் (மாதிரியைச் சிறு கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் விசையின் விளைவைக் கணக்கிடுவது) ஒரு பொறி இருக்கிறது. உயிருள்ள எலும்பில் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்ணிலிருந்து அடர்த்தியையும், அடர்த்தியிலிருந்து விறைப்பையும் கணக்கிடுவது வழக்கம். மருத்துவ மென்பொருள்கள் இதைத் தானாகவே செய்துவிடும். புதைபடிவத்தில் அந்த எண் சொல்வது உள்ளே நிரம்பிய கனிமத்தை, விலங்கின் எலும்பை அல்ல. எண்ணை ஒதுக்கிவிட்டு, வாழும் பாலூட்டிகளின் மதிப்பைப் போடுங்கள்: புறணி எலும்புக்கு 15 முதல் 20 கிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.3. அந்தக் கூறுகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், தகைவு (ஓரலகு பரப்பில் விழும் விசை) ஐந்து சதவீதத்துக்குள் நிலைத்ததும் நிறுத்துங்கள். மாதிரியைப் பிடித்து நிறுத்திய புள்ளிகளில் தகைவு தாறுமாறாக எகிறும். உச்ச எண்ணை எழுதாமல் 95-ஆவது சதமானத்தை எழுதுங்கள்.

சேமித்து வைப்பது

மூல டைகாம், பிரித்தெடுத்த கோப்பு, பரப்பு மாதிரி மூன்றையும் சேர்த்தே அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். அனுமதி இருந்தால் மார்ஃபோசோர்ஸ் போன்ற களஞ்சியத்திலும் ஏற்றுங்கள். கிலோவோல்ட், மில்லி ஆம்பியர், ஸ்லைஸ் தடிமன், இடைவெளி, புலம், கெர்னல், த்ரெஷோல்ட் எண்கள், மென்மையாக்கிய சுற்றுகள் எல்லாம் கூடவே ஓர் எழுத்துக் கோப்பில் இருக்கட்டும். எஸ்டிஎல் கோப்பில் அலகும் கிடையாது, நிறமும் கிடையாது. மில்லிமீட்டர் என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். கையால் வரைந்த பகுதியும் பிரதிபலித்து நிரப்பிய பகுதியும் நிறத்தோடு நிலைக்க வேண்டுமானால் பிஎல்ஒய்யாகச் சேமிக்க வேண்டும், அல்லது அவற்றைத் தனிக் கோப்புகளாகப் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து பதிவிறக்குபவர் நீங்கள் வரைந்த கன்ன எலும்பை வெர்னியர் துல்லியத்தில் அளந்துகொண்டிருப்பார்.